அம்மாச்சியைப் பற்றி உன்னிடம் சொல்லாதது

அன்புப் பாப்பாவுக்கு,

"எதுக்கும்மா ரெண்டு மருந்தையும் ஒண்ணா குடுக்கறாங்க?" என்று என் மார்புப் புற்றுநோய் மருந்துகளைப் பற்றிக் கேட்டாய். அப்புறம் ஒன்பது நாளாகப் போனே இல்லை. வேலை இருக்கும், தெரியும்.

நீ கேட்டதை அப்படியே டாக்டரிடம் கேட்டேன். "பொண்ணு விவரமா இருக்காங்களே" என்றார். பெருமையாக இருந்தது. பலருக்கு ஒன்று முடிந்த பிறகு இன்னொன்று கொடுத்தாலே போதுமாம், உடம்பும் தாங்குமாம். எனக்கு ஈரலில் வேகமாகப் பரவியிருப்பதால் சீக்கிரம் சுருக்கியாக வேண்டும். இரண்டும் சேர்ந்தால் கட்டி சுருங்கும் வாய்ப்பு அதிகம், தொந்தரவும் அதிகம். அதனால் ஆயுளும் கூடும் என்று உறுதி சொல்ல முடியாது என்பதையும் மறைக்காமல் சொன்னார்.

21 நாளுக்கு ஒரு தடவை டோசிடாக்செல் ட்ரிப்ஸ். கேபசிடபின் மாத்திரை காலையும் இரவும் 14 நாள், பிறகு 7 நாள் ஓய்வு. உள்ளங்கையும் உள்ளங்காலும் சிவந்து தோல் உரிகிறது. டம்ளரைப் பிடிக்க முடியவில்லை என்றதும் கொஞ்ச நாள் நிறுத்தி, மாத்திரை அளவைக் குறைத்தார்கள். ஜுரம் 100.4 தொட்டால் நடுராத்திரியானாலும் ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும், வெள்ளை அணு குறைந்திருக்குமாம். அப்பா தெர்மாமீட்டரும் கையுமாகவே இருக்கிறார்.

நீ டாக்டரிடம் மார்பைக் காட்டிவிட்டு வந்தாயா? போன மாதமே சொன்னேன். ஊருக்கெல்லாம் புத்தி சொல்வாய், உனக்கென்றால் தள்ளிப்போடுவாய். லீவு போட்டுவிட்டுப் போ.

முதல் நாளே டாக்டர், வீட்டில் வேறு யாருக்காவது இருந்ததா என்று கேட்டார். இல்லை என்றேன். பொய். அம்மாச்சி காய்ச்சலில் போனாள் என்றுதான் உன்னிடமும் சொல்லி வளர்த்தேன். அவள் மார்புப் புண்ணுக்குத் துணி மாற்றியது நான்தான். எனக்கு 16 வயது, அவளுக்கு 41. உனக்கு வரன் பார்த்தபோது யாருக்கும் தெரிந்துவிடக் கூடாதே என்று இன்னும் இறுக்கமாக வாயை மூடிக்கொண்டேன். என் கட்டியையும் எட்டு மாதம் அப்படித்தான் மூடி வைத்தேன். அது என்னவென்று தெரியாமல் இல்லை. தெரிந்துதான்.

போன வாரம் டாக்டரிடம் உண்மையைச் சொல்லிவிட்டேன். மார்புப் புற்றைப் பரம்பரையாக வரவைக்கும் மாற்றம் பிஆர்சிஏ என்ற மரபணுவில் இருக்கிறதா என்று பார்க்க ரத்தம் எடுத்திருக்கிறார்கள். எனக்கு அந்த மாற்றம் இருந்தால் உனக்கும் வந்திருக்கப் பாதிக்குப் பாதி வாய்ப்பு. தம்பிக்கும்தான். முடிவு வரட்டும் என்று உட்கார்ந்திருக்காதே, இப்போதே போய்க் காட்டு. அம்மாச்சிக்கு என்ன என்று கேட்பார்கள். காய்ச்சல் என்று நான் சொன்னதைச் சொல்லாதே, உள்ளதைச் சொல்.

செவ்வாய்க்கிழமை மூன்றாவது கீமோ. அதற்குள் ஒரு தடவை கூப்பிடு. என்னைத் திட்டுவதற்காகவாவது கூப்பிடு.

அம்மா