டயரைத் திருப்பிக் காட்டுங்கள், ஐயா

கிருஷ்ணகிரி, தருமபுரி மாவட்டங்களில் டயர் கடை நடத்தும் பெரியவர்களுக்கும் தம்பிகளுக்கும்,

வணக்கம்.

நான் அஞ்செட்டிப் பக்கம் மல்பெரி வைத்துப் பட்டுப்புழு வளர்க்கிறவன். ஒரு பழைய கார் இருக்கிறது. கூடு மூட்டை ஏற்றுவதும் அதில்தான், அம்மாவை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போவதும் அதில்தான். எங்கள் பக்கத்துச் சாலைகளைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஊர்நாட்டில் மற்றவர்கள் ஐந்து வருடத்துக்கு ஒருமுறை டயர் மாற்றினால் நாங்கள் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை உங்கள் கடை வாசலில் நிற்கிறோம். உங்கள் கல்லாவில் விழும் காசில் ஒரு பங்கு எங்கள் ஊர்க் குழிகள் சம்பாதித்துக் கொடுத்தது. அந்த உரிமையில்தான் எழுதுகிறேன்.

கேட்பது ஒன்றே ஒன்று. டயரை ரிம்மில் ஏற்றுவதற்கு முன்னால், அதன் பக்கவாட்டில் இருக்கும் நான்கு இலக்க எண்ணை வாங்குகிறவரிடம் காட்டுங்கள். அதே எண்ணைப் பில்லிலும் எழுதிக் கொடுங்கள்.

எந்த எண் என்று உங்களுக்குத் தெரியும். தெரியாதவர்கள் கையில் இந்த மடல் கிடைத்தால் அவர்களுக்காகச் சொல்கிறேன்: நீளமான எழுத்து வரிசையின் கடைசியில், நீள்வட்டக் கட்டத்துக்குள் அது இருக்கும். முதல் இரண்டு இலக்கம் வாரம், அடுத்த இரண்டு ஆண்டு. 3525 என்றிருந்தால் 2025-ஆம் ஆண்டின் 35-ஆவது வாரத்தில் செய்த டயர். பெரும்பாலும் ஒரு பக்கத்தில் மட்டுமே இது முழுதாக இருக்கும். அந்தப் பக்கத்தை வண்டியின் உள்பக்கமாகத் திருப்பி மாட்டிவிட்டால், மல்லாந்து படுத்து வண்டிக்கு அடியில் தலையை விட்டால்தான் படிக்க முடியும்.

என் கதை இதுதான். 2024 பொங்கல் கழித்து, உங்களில் ஒருவர் கடையில் முன்சக்கரங்களுக்கு இரண்டு டயர் வாங்கினேன். 185/65 R15. இரண்டும் சேர்த்து ரூ.9,800. கடையின் பெயரைச் சொல்லப்போவதில்லை. அது எனக்கு முக்கியமும் இல்லை. மரியாதையாகப் பேசினார், டீ வரவழைத்துக் கொடுத்தார். அம்மாவுக்கு இடுப்பு எலும்பில் அறுவை சிகிச்சை நடந்த சமயம் அது. “கொஞ்சம் மெத்தென்று போகிற டயராகக் கொடுங்கள், குழியில் விழுந்தால் அம்மா துடித்துப்போகிறார்கள்” என்று சொல்லித்தான் கேட்டேன். “புது ஸ்டாக் அண்ணா, போன வாரம்தான் வந்து இறங்கியது. இதில் போனால் தொட்டிலில் போவது மாதிரி இருக்கும்” என்றார். போன வாரம் இறங்கியிருக்கலாம். எப்போது பிறந்தது என்று நான் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை.

தொட்டில் மாதிரி இருக்கவில்லை. முதல் நாளிலிருந்தே ஒவ்வொரு சிறு கல்லும் ஸ்டீயரிங்கில் தெரிந்தது. புது டயர் பழகும்வரை அப்படித்தான் இருக்கும் என்று என்னை நானே சமாதானப்படுத்திக்கொண்டேன்.

போன கார்த்திகையில் ஓசூரில் அம்மாவை மருத்துவரிடம் காட்டிவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தோம். தேன்கனிக்கோட்டையைத் தாண்டும்போதே மணி ஐந்தரை. அஞ்செட்டிக்கு இறங்கும் காட்டுச் சாலையில் எதிரே லாரி வந்தது. ஒதுங்கி வழிவிட இடது சக்கரத்தைத் தார் விளிம்புக்குக் கீழே இறக்கினேன். ஏற்றும்போது விளிம்பு இடித்தது. பெரிய இடி ஒன்றும் இல்லை, எங்கள் சாலையில் தினம் பத்து முறை வாங்குகிற இடிதான். நூறு அடி போயிருக்க மாட்டோம், ‘டப்’ என்று சத்தம், வண்டி இடப்பக்கம் இழுத்தது. இறங்கிப் பார்த்தேன். பஞ்சர் இல்லை. பக்கச்சுவர் ஒரு சாண் நீளத்துக்கு வாய் பிளந்திருந்தது.

நான் நின்ற இடத்துக்குக் கொஞ்ச தூரத்தில் யானைகள் கடக்கும் பகுதி என்று வனத்துறைப் பலகை. அந்தக் காடு 2014-இல் அறிவிக்கப்பட்ட காவிரி வடக்கு வனவிலங்குச் சரணாலயத்தைச் சேர்ந்தது. யானைகளுக்கு அதில் எங்களைவிட உரிமை அதிகம். இருட்டுவதற்குள் சக்கரத்தை மாற்றிவிட வேண்டும். ஜாக்கியை எடுத்தேன், ஸ்பேனரை நட்டில் மாட்டினேன். அசையவில்லை. கடையில் காற்றுத் துப்பாக்கியால் முடுக்கிய நட்டு அது. ஒரு சாண் நீளமுள்ள ஸ்பேனரின் மேல் ஏறி நின்றேன், குதித்தேன். ஸ்பேனர் வழுக்கி முழங்காலைப் பெயர்த்துக்கொண்டதுதான் மிச்சம். உள்ளே இருந்து அம்மா, “என்னப்பா, ஆகவில்லையா? நான் வேண்டுமானால் இறங்கிக்கொள்ளட்டுமா?” என்று கேட்டுக்கொண்டே இருந்தார்கள், தான் இறங்கினால் நட்டு இளகிவிடும் என்பதுபோல.

பால் வண்டி ஒன்று வந்தது. ஓட்டி வந்த பையன் வண்டிக்குள்ளிருந்து ஓர் இரும்புக் குழாயை எடுத்து ஸ்பேனரின் வாலில் செருகி மிதித்தான். நான்கு நட்டும் கிறீச்சிட்டுக்கொண்டு இளகின. ஸ்டெப்னியில் பாதிக் காற்றுதான் இருந்தது. அது என் தப்பு, யார் மேலும் போட மாட்டேன். கழற்றிய சக்கரத்தை டிக்கியில் போடத் தூக்கியபோது செல்போன் வெளிச்சத்தில் அதன் உள்பக்கம் தெரிந்தது. 1120.

2020-ஆம் ஆண்டின் 11-ஆவது வாரம். நாடு ஊரடங்கில் முடங்குவதற்குச் சில நாட்களுக்கு முன் செய்த டயர். போன வாரம் வந்து இறங்கியது என்று 2024-இல் எனக்கு விற்றது அதைத்தான். பட்டன், அதாவது சாலையில் படும் ரப்பர்க் கட்டை, பாதிகூடத் தேயவில்லை. ஆனால் பள்ளங்களுக்குள் விரலை விட்டு விரித்துப் பார்த்தால், கோடையில் வற்றிய ஏரி மண் மாதிரி மயிரிழை விரிசல்கள்.

அந்தக் கடைக்காரரிடம் மறுநாளே போனேன். “குழியில் இடித்த டயருக்கு வாரன்டி கிடையாது அண்ணா” என்றார். சரி, நான் வாரன்டி கேட்கப் போகவில்லை. தேதியைக் காட்டினேன். “டயருக்கு ஏது அண்ணா வயது? பட்டன் இருக்கிறதா என்று பாருங்கள்” என்றார்.

ஐயா, பட்டன் இருக்கிறதா என்பதைக் குருடனும் தடவிப் பார்த்துச் சொல்வான். பள்ளத்துக்குள் குறுக்கே சிறு மேடு வைத்திருக்கிறார்கள். பட்டன் தேய்ந்து 1.6 மில்லிமீட்டருக்கு வந்தால் அந்த மேட்டோடு சமமாகிவிடும், மாற்ற வேண்டியதுதான். வயது அப்படிக் கைக்குத் தட்டுப்படாது. ரப்பர் காற்றிலும் வெயிலிலும் நாளாக நாளாக இறுகும். இறுகிய ரப்பர் சாலையின் அதிர்ச்சியை வாங்கிக்கொள்ளாமல் இடுப்புக்கு அனுப்பும், விளிம்பில் இடித்தால் வளையாமல் கிழியும். மெத்தென்று போகும் டயர் கேட்டவனுக்கு நான்கு வருடம் உலர்ந்ததைக் கொடுத்தால் அது எப்படித் தொட்டில் ஆகும்?

உங்கள் பக்கத்து நியாயமும் எனக்குத் தெரியும். நிழலில், குளிர்ந்த இடத்தில் அடுக்கி வைத்த டயர், சாலையில் ஓடிய டயர் அளவுக்கு மூப்படையாது என்று டயர் நிறுவனங்கள் சொல்கின்றன. ஒப்புக்கொள்கிறேன். ஆனால் உங்களில் எத்தனை பேர் நிழலில் வைக்கிறீர்கள்? கடை அடையாளத்துக்காகச் சித்திரை வெயிலில் வாசலில் கோபுரமாக அடுக்கியிருப்பது என்ன, விற்பனைக்கு இல்லாத டயரா? அரக்கோணம், ஓரகடம், ஸ்ரீபெரும்புதூர், பெரம்பலூர் என்று நம் மாநிலத்திலேயே டயர் தொழிற்சாலைகள் இருக்கின்றன. அங்கிருந்து மாட்டுவண்டியில் ஏற்றினாலும் பத்து நாளில் இங்கே வந்து சேரும். நான்கு வருடம் எந்த வழியாகச் சுற்றி வந்தது என்பதைத் தெரிந்துகொள்ள எனக்கு ஆசை.

பழைய சரக்கை விற்கவே கூடாது என்று நான் சொல்லவில்லை. இது இரண்டு வருடச் சரக்கு, அதனால் ஐந்நூறு குறைத்துக்கொள்கிறேன் என்று சொல்லுங்கள். வருடத்தில் பத்தாயிரம் கிலோமீட்டர் ஓட்டுகிறவன் யோசிப்பான், வாங்கினாலும் வாங்குவான். சொல்லாமல் உள்பக்கமாகத் திருப்பி மாட்டுவதைத்தான் வேண்டாம் என்கிறேன்.

என் தொழிலை எடுத்துக்கொள்ளுங்கள். தருமபுரிப் பட்டுக்கூடு அங்காடிக்கு நான் மூட்டையை இறக்கினால், புழு கூடு கட்டி எத்தனை நாள் என்று கேட்காமல் யாரும் ஏலம் கேட்பதில்லை. நாள் தள்ளினால் அந்துப்பூச்சி கூட்டைத் துளைத்துக்கொண்டு வந்துவிடும், நூல் போய்விடும். நான் வாயால் சொல்வதையும் நம்ப மாட்டார்கள். காதருகே வைத்துக் குலுக்கிப் பார்ப்பார்கள், ஒன்றிரண்டை வெட்டிப் பார்ப்பார்கள். எனக்கு அதில் கோபம் வந்ததில்லை. காசு கொடுக்கிறவன் பார்க்கத்தானே வேண்டும்.

தேதி எழுதுவது உங்களுக்குப் புதிதும் இல்லை. 2025 செப்டம்பர் 22 முதல் புது டயருக்கான ஜி.எஸ்.டி. 28 சதவீதத்திலிருந்து 18 சதவீதமாகக் குறைந்ததைக் கடைக்குக் கடை கொட்டை எழுத்தில் ஒட்டி வைத்தீர்கள். வியாபாரத்தை இழுக்கிற தேதி சுவரில், வியாபாரத்தைக் கெடுக்கிற தேதி சக்கரத்தின் உள்பக்கத்தில்.

எழுத உட்கார்ந்துவிட்டேன், மற்றதையும் சொல்லிவிடுகிறேன். அதே கடையில் எனக்கு 16 அங்குல அலாய் ரிம்மும் 195/55 டயரும் போட்டுக்கொள்ளச் சொன்னார்கள். வண்டி எடுப்பாக இருக்குமாம். சக்கரத்தின் மொத்த உயரம் ஏறக்குறைய மாறாது என்பது உண்மைதான். ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள். முதல் எண் டயரின் அகலம் மில்லிமீட்டரில், அடுத்த எண் அந்த அகலத்தில் பக்கச்சுவரின் உயரம் எத்தனை சதவீதம் என்பது: 185-இல் 65 சதவீதம் 120 மில்லிமீட்டர், 195-இல் 55 சதவீதம் 107. குழிக்கும் ரிம்முக்கும் நடுவில் இருக்கும் ரப்பர் மெத்தையில் 13 மில்லிமீட்டரைக் கழற்றிவிட்டு, அந்த இடத்தில் பளபளப்பான உலோகத்தை வைக்கிறோம். நெடுஞ்சாலையிலேயே ஓடுகிறவருக்கு அது சரியாக இருக்கலாம். இடுப்பு எலும்பு ஒட்டிய அம்மாவை நாட்றாம்பாளையம் வழியாக அழைத்துப் போகிறவனிடம் அதை விற்கலாமா? காற்றும் அப்படித்தான். ஓட்டுநர் கதவின் ஓரத்தில் காற்று அளவு ஒட்டியிருக்கிறது, என் வண்டிக்கு 33. உங்கள் பையன்கள் யாருக்கும் 40 வைத்து அனுப்புகிறார்கள். 40-இல் வண்டி பந்து மாதிரி குதிக்கிறது, டயரின் நடுப்பகுதி மட்டும் தேய்கிறது. இரண்டு டயர் மட்டும் மாற்றினால் புதியதைப் பின்னால் போடுங்கள், மழையில் பின்பக்கம் வழுக்கினால் வண்டியே சுழன்றுவிடும் என்று டயர் நிறுவனங்கள் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டன. என் வண்டியில் முன்னால் போட்டார்கள்.

சாலை போடுகிறவர்களுக்கு இதைவிட நீளமான மடல் எழுத வேண்டும். தாரைச் சுரண்டி ஜல்லியைக் கொட்டிவிட்டு, ஜல்லி தானே தாராக முளைக்கும் என்று காத்திருக்கிறார்கள். கல் குவாரி லாரிகள் உழுத தடத்தில் ராகி விதைக்கலாம். வண்ணம் பூசாத வேகத்தடையை, ஏறி இறங்கி முதுகு வலித்த பிறகுதான் வேகத்தடை என்று தெரிந்துகொள்கிறோம். ஒவ்வொரு குழிக்கும் பெயர் வைத்திருக்கிறோம், சிலவற்றுக்குப் பிறந்தநாளும் தெரியும். பாருங்கள், குழியின் வயதுகூட எங்களுக்குத் தெரிகிறது. காசு கொடுத்து வாங்கிய டயரின் வயதுதான் தெரியவில்லை.

மன்னியுங்கள், உங்களிடம் கேட்க வந்தவன் எங்கோ போய்விட்டேன். வாங்கும் பொருளின் தரத்தையும் விலையையும் தெரிந்துகொள்வது நுகர்வோரின் உரிமை என்று 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் சொல்கிறது. பயமுறுத்துவதற்காக இதைக் குறிப்பிடவில்லை. கொஞ்சம் பயந்துகொண்டாலும் எனக்கு ஆட்சேபணை இல்லை.

ஆகவே தாழ்மையுடன் மறுபடியும்: ரிம்மில் ஏற்றுவதற்கு முன் டயரைத் திருப்பி அந்த நான்கு இலக்கத்தைக் காட்டுங்கள். பில்லில் எழுதுங்கள். மாட்டும்போது அந்தப் பக்கம் வெளியே தெரியும்படி மாட்டுங்கள். உள்பக்கம், வெளிப்பக்கம் என்று எழுதி வரும் சில வகை டயர்களில் மட்டும் அது முடியாது, அது எனக்கும் தெரியும். நட்டைத் துப்பாக்கியால் முடுக்கிய பிறகு, வண்டியில் இருக்கும் ஸ்பேனரால் ஒருமுறை இளக்கிப் பார்க்கச் சொல்லுங்கள். இதற்கெல்லாம் சேர்த்து ஐந்து நிமிடம் ஆகும். அந்த ஐந்து நிமிடத்துக்கு டீ கூட வேண்டாம்.

தை பிறந்ததும் கூடு விற்ற பணத்தோடு நான்கு டயரும் மாற்ற வருகிறேன். தருமபுரியா கிருஷ்ணகிரியா என்று இன்னும் முடிவு செய்யவில்லை. 185/65 R15, ஆறு மாதத்துக்கு உட்பட்டது. யாரிடம் இருக்கிறதோ அவர் எடுத்து வைக்கலாம். டார்ச் லைட்டை நானே கொண்டு வருகிறேன்.

இப்படிக்கு,
அஞ்செட்டிப் பக்கத்துப் பட்டு விவசாயி