இட்மா கேட்ட நாட்கள்

அன்பின் நண்பருக்கு,

உமது கடிதமும் நீர் அனுப்பிவைத்த 'இட்மா' என்ற பழைய வானொலி நகைச்சுவை நிகழ்ச்சியின் ஒலிப்பதிவுகளும் கிடைத்தன. கண்புரைச் சத்திரசிகிச்சை நல்லபடி முடிந்தது. வாசிக்கக்கூடாது என்று வைத்தியர் சொன்ன பதினைந்து நாளும் அவற்றோடுதான் கழிந்தன.

ஹிட்லரைக் குறித்துப் பத்திரிகைகள் எழுதிவந்த 'மீண்டும் அதே ஆள்' (இட்ஸ் தட் மேன் அகெய்ன்) என்ற தலைப்பையே பெயராகக் கொண்டு 1939 ஜூலையில் பிபிசியில் தொடங்கிய 'இட்மா', அடுத்த சில வாரங்களில் யுத்தம் மூண்டதும் லண்டனை விட்டு பிரிஸ்டலுக்கும், அங்கும் குண்டு விழவே 1941இல் வேல்ஸிலுள்ள பாங்கோருக்கும் இடம்பெயர்ந்தது என்பதை அறிந்தபோது, நாடகக்காரரும் நம்மைப் போல மூட்டை கட்டியவர்களே என்று மனம் நெகிழ்ந்தது. டெட் கவனா எழுதிய பகடிகளில் பாதி எனக்கு விளங்கவில்லை. ஆனால் அந்தக் கதவுச் சத்தம் விளங்கியது. கதவு திறக்கும்; வாளியும் துடைப்பமுமாக மிஸிஸ் மொப் நுழைந்து, "இப்போது துப்புரவு செய்யலாமா, ஐயா?" என்பாள், நிகழ்ச்சியின் நாயகர் டொமி ஹான்ட்லி ஏதோ சொல்வார், கதவு மூடும். இருட்டடிப்பில் அடுத்த வாரம் யார் உயிரோடிருப்பார் என்று தெரியாத வீடுகளில், அடுத்த வியாழனும் அவள் அதே வார்த்தையோடு வருவாள் என்பது மட்டும் நிச்சயமாக இருந்திருக்கிறது. சிரிப்பை விட அந்த நிச்சயத்துக்காகவே சனங்கள் காத்திருந்தார்கள் என்பது என் எண்ணம்.

அதில் வரும் ஃபுன்ஃப் என்ற ஜெர்மன் உளவாளியை நான் மறக்கமாட்டேன். எல்லோரும் உளவாளிக்குப் பயந்திருந்த காலத்தில், நடிகர் ஜாக் ட்ரெய்ன் ஒரு கண்ணாடித் தம்ளருக்குள் வாயை வைத்துப் பேசி அவனை உருவாக்கினார். பிறகு பலர் தொலைபேசியில் நண்பர்களை அழைத்து, "ஃபுன்ஃப் பேசுகிறேன்" என்று அதே குரலில் மிரட்டி விளையாடினார்களாம். பயந்த பொருளைத் தம் வாயாலேயே பேசிப் பார்த்திருக்கிறார்கள்.

1990க்குப் பிறகு மின்சாரமும் பற்றரியும் இல்லாத யாழ்ப்பாணத்தில், சைக்கிளைத் தலைகீழாக நிறுத்திப் பெடலைக் கையால் சுற்றி, டைனமோவில் நாம் வானொலி கேட்டது உமக்கு நினைவிருக்கும். செய்தி முடிந்ததும் கையை எடுத்துவிடுவோம். பகிடி நாடகம் வந்தால் மட்டும் அம்மா, "இன்னும் கொஞ்சம் சுத்து தம்பி" என்பா. சுற்றுகிறவன் சிரித்தால் சில்லு தளர்ந்து குரல் அமுங்கிவிடும் என்பதால், நீர் உதட்டைக் கடித்துக்கொண்டு சுற்றிய முகம் இன்றும் என் கண்ணில் நிற்கிறது. வெளியே ஹெலி சுற்றிய இரவுகளிலும் அந்தச் சில்லு நிற்கவில்லை.

1949 ஜனவரியில் ஹான்ட்லி காலமானதும், வேறொருவரை அவர் இடத்தில் நிறுத்தாமல் நிகழ்ச்சியையே முடித்துக்கொண்டார்கள். அதுவே சரி.

பாங்கோரில் பதிவானவை வேறு ஏதும் கிடைத்தால் அனுப்பும். அடுத்த மாதம் நீர் வரும்போது சேர்ந்திருந்து கேட்போம்.

அன்புடன்,
உமது பழைய நண்பன்