பேத்திக்கு என்ன புத்தகம் வாங்குவது?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

நான் ஓய்வுபெற்ற தபால்காரன். பேத்திக்கு நாலு வயது. அவளுக்குப் படப்புத்தகம் வாங்க எங்கள் ஊர்க் கடைக்குப் போனால், 'ஏ ஃபார் ஆப்பிள்' அட்டையைத்தான் எடுத்து நீட்டினார்கள். தமிழில் கேட்டதற்குத் திருக்குறள் உரை வந்தது!

சென்னையில் 1996இல் தொடங்கிய தூலிகா பதிப்பகத்தின் புத்தகங்களை மகன் தருவித்தான். சிலவற்றில் ஒரே பக்கத்தில் தமிழும் ஆங்கிலமும் இருக்கின்றன. நான் தமிழை வாசிக்க, மருமகள் ஆங்கிலத்தை வாசிக்கிறாள். பேத்திக்கு இரண்டுமே வேண்டாம். படத்தின் மூலையில் ஒளிந்திருக்கும் எறும்பைத்தான் விரலால் துரத்துகிறாள். நான் வரியை முடிப்பதற்குள் பக்கத்தைத் திருப்பிவிடுவாள். சரி, அவள் வேகத்துக்கே நானும் போகிறேன்.

காசு செலவழிக்க முடியாதவர்களுக்குப் பிரதம் புக்ஸின் ஸ்டோரிவீவர் தளம் இருக்கிறது. தமிழ்க் கதைகளை இலவசமாக இறக்கிக்கொள்ளலாம், அச்சிடவும் தடையில்லை. ஜெராக்ஸ் கடையில் கலரில் எடுத்து, நடுவில் ஊசிநூலால் தைத்துக் கொடுத்தேன். கைப்பேசியில் காட்டியபோது அடுத்த நொடியே கார்ட்டூன் கேட்டவள், தைத்த புத்தகத்தைத் தலையணைக்கடியில் வைத்துத் தூங்குகிறாள்.

ஒரு குறை. சில மொழிபெயர்ப்புகளில் 'அவன் மிகுந்த மகிழ்ச்சியடைந்தான்' என்றெல்லாம் வருகிறது. நாலு வயசுக்கு 'குதிச்சான்' போதாதா? வாசிக்கும்போது நானே மாற்றிவிடுகிறேன்.

அரசுப் பள்ளிகளின் வாசிப்பு இயக்கத்தில் நுழை, நட, ஓடு, பற என்று நிலை பிரித்து எளிய புத்தகங்கள் போட்டிருக்கிறார்கள். அவை கடைகளிலும் கிடைத்தால் நன்றாக இருக்கும். அப்புறம், ஞாயிறு இதழில் புதிய சிறுவர் புத்தகங்களுக்குக் கால் பக்கம் ஒதுக்குங்களேன்.

ஓய்வுபெற்ற தபால்காரர்,
மன்னார்குடி