எந்தக் கருமபீடத்தில் ஒதுக்குவது, ஆசிரியரே?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கடந்த ஞாயிறு இதழின் குடும்பப் பக்கத்தில், வீடு மாறுவோர் சாமான் ஏற்றும் லொறிக்கு வீட்டு வாசலில் வீதியோர இடத்தை முன்கூட்டியே ஒதுக்கிக்கொள்வது புத்திசாலித்தனம் என்று ஒரு வரி கண்டேன். எந்தக் கந்தோரில், எந்தக் கருமபீடத்தில் ஒதுக்குவது என்று அடுத்த வரியிலாவது இருக்கும் என்று பார்த்தேன். அடுத்த வரி கண்ணாடிச் சாமான்களைப் பேப்பரில் சுற்றுவது பற்றியது.

போன வருடம் ஆடி கழியட்டும் என்றிருந்து, ஆவணியில் ஒரு புதன்கிழமை, மட்டக்களப்பு அரசடிப் பக்கத்து வாடகை வீட்டிலிருந்து கல்லடிக்கு மாறினேன். புதன் ராகுகாலம் பன்னிரண்டுக்குத் தொடங்கும் என்பது தங்களுக்குத் தெரியாததல்ல. அதற்கு முன் பால் காய்ச்சிவிட வேண்டும். ஆகவே தங்கள் கட்டுரையாளர் சொல்வதற்கு முன்னரே அவர் சொன்னபடி செய்தேன். பத்து நாளுக்கு முன்னால் ஒரு கந்தோருக்குப் போனேன். பெயர் சொல்லமாட்டேன், அடுத்த தரமும் அங்கேதான் போகவேண்டும். "என்ன டீச்சர், கலியாண வீடா, செத்த வீடா?" என்று கேட்டார்கள். வீடு மாறுகிறேன் என்றேன். அதற்குப் படிவம் இல்லையாம், பொலிசில் கேட்கச் சொன்னார்கள். பொலிசில் கேட்டால், கந்தோரில் கடிதம் வாங்கி வரச் சொன்னார்கள். முப்பத்திரண்டு வருடம் படிப்பித்தவள் நான். பிள்ளையை இரண்டு வகுப்புக்கு நடுவில் நிறுத்தி வைப்பது எப்படி என்று எனக்கும் தெரியும்.

கடைசியில் நானே ஒதுக்கினேன். விடிய ஐந்தரைக்குப் படலைக்கு முன்னால் இரண்டு பிளாஸ்டிக் கதிரை, ஒரு வாளி, நடுவில் உடுப்புக் காயப்போடும் கயிறு. ஏழு மணிக்கு உள்ளே போய்த் தேத்தண்ணி குடித்துவிட்டு வந்தால், கதிரை இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, மேலே வாளியைக் கவிழ்த்து, கயிற்றையும் சுருட்டி மதிலோரம் வைத்துவிட்டு, அந்த இடத்தில் ஒரு வானை நிறுத்திப் போயிருந்தார் ஒருவர். நல்ல வளர்ப்பு. மிச்ச இடத்தை ரியூசனுக்கு வந்த மோட்டார் சைக்கிள்கள் பிடித்துக்கொண்டன. "மனே, கொஞ்சம் தள்ளி விடு" என்று கெஞ்சினேன். ஒரு பிள்ளை இரக்கப்பட்டு ஒரு முழம் தள்ளிவிட்டது.

லொறி ஒழுங்கை வாயிலில், பெரிய றோட்டில்தான் நின்றது. அம்மாவின் சீதனத்தில் வந்த முதிரை அலுமாரியை நாலு பொடியன்மார் இருநூறு மீற்றர் தூக்கிக்கொண்டு போனார்கள். 1978 நவம்பர் 23 சூறாவளியில் எங்கள் கூரை முழுக்கப் பறந்தபோதும் அசையாமல் நின்ற அலுமாரி அது. 90 இல் சண்டைக்குப் பயந்து எல்லாவற்றையும் விட்டுவிட்டு ஓடி, திரும்பி வந்து பார்த்தபோதும் இருந்தது. மூடியில்லாத வடிகான் ஓரத்தில் ஒருவருக்குக் கால் இடற, அன்றைக்கு அலுமாரியின் ஒரு கால் முறிந்தது. இப்போது செங்கல்லில் நிற்கிறது. செங்கல்லின் உயரம் கொஞ்சம் போதவில்லை. மேலே மடித்து வைத்திருப்பது தங்கள் ஞாயிறு இதழ்.

அந்தக் கானுக்கு மூடி போடச்சொல்லித் தங்களுக்கு முன்னரே இரண்டு கடிதம் எழுதினேன். ஒன்றைச் சுருக்கிப் போட்டீர்கள், மற்றதைக் காணவில்லை. இடப்பற்றாக்குறை என்று எடுத்துக்கொண்டேன்.

இந்த நேரத்தில் போக்குவரத்துப் பொலிஸ் வந்து லொறிக்காரத் தம்பிக்குத் தண்டம் எழுதி, சாரதி அனுமதிப்பத்திரத்தையும் வாங்கிக்கொண்டு போனது. தபாற்கந்தோரில் காசு கட்டி, பற்றுச்சீட்டைக் காட்டி அதை மீட்கவேண்டியிருந்தது. அந்தப் பிள்ளையின் பிழை என்ன? காசை நான் கொடுத்தேன். அவனுடைய அரைநாள் உழைப்பை யார் கொடுப்பது? கல்லடியில் பால் பொங்கும்போது மணி ஒன்றே கால், ராகுகாலம் இன்னும் முடியவில்லை.

லண்டனில் இருக்கும் மகளிடம் இதைச் சொன்னேன். அங்கே நாட்கணக்கு முன்னரே கவுன்சிலுக்கு விண்ணப்பித்துக் காசு கட்டினால், இன்ன திகதி இங்கே நிறுத்தக்கூடாது என்று அவர்களே அறிவித்தல் கட்டிவிடுவார்களாம். அமெரிக்காவில் பொஸ்டன் நகரத்தில் பனி வழித்த இடத்தைக் கதிரை வைத்துப் பிடிப்பதைக்கூட, பனி அவசரநிலை முடிந்து 48 மணித்தியாலம் வரை பெரும்பாலான பகுதிகளில் பொறுத்துக்கொள்கிறார்களாம். என் கதிரைக்கு ஒன்றரை மணித்தியாலம்தான் கிடைத்தது. தங்கள் கட்டுரையாளர் அந்த ஊர்களில் ஒன்றிலிருந்துதான் வரியை எடுத்திருக்கிறார். கருமபீடத்தை அங்கேயே விட்டுவிட்டு வந்துவிட்டார்.

இடம் ஒதுக்கத் தெரியாத ஊரா இது? கொழும்பிலிருந்து ஒரு பெரியவர் வருகிறார் என்றால் முதல்நாள் இரவே சிவப்புக் கூம்புகள் வரிசையாக முளைக்கின்றன. மண்டபத்தில் கலியாணம் என்றால் றோட்டில் பாதி மாப்பிள்ளை வீட்டுக்கு. நடைபாதை சட்டிபானைக் கடைக்கு. கோயில் திருவிழாவுக்கு வீதி மூடுவதை நான் குறை சொல்லவில்லை, அதில் நானும் நிற்பவள். ஒருவர் போக மற்றவர் காத்து நிற்கவும் எங்களுக்குத் தெரியும். 1924 இல் கட்டிய கல்லடிப் பாலத்தில், 2013 இல் புதுப்பாலம் திறக்கும்வரை அதைத்தானே செய்தோம்? புளியந்தீவின் ஒடுங்கிய தெருக்களில் இன்றைக்கும் ஓட்டோவுக்கு ஓட்டோ வழிவிட்டுத்தான் போகிறது. வாடகை வீட்டில் இருப்பவளின் லொறிக்கு மட்டும் ஒரு மணித்தியாலம் இல்லை.

நான் கேட்பது இரண்டு கூம்பு. திகதியும் நேரமும் எழுதி முத்திரை குத்திய ஒரு துண்டுக் கடதாசி. ஐநூறு ரூபாய் கட்டச் சொன்னாலும் கட்டுகிறேன், மாலையே கூம்பைக் கழுவித் திருப்பித் தருகிறேன். அதற்கு எந்தக் கந்தோர், எத்தனையாம் கருமபீடம் என்று தாங்கள் விசாரித்து ஒரு சின்னப் பெட்டிக்குள் பிரசுரித்தால் போதும்.

ஆவணிக்கு முன் பிரசுரித்தால் நல்லது. என் வீட்டு உடன்படிக்கை அத்தோடு முடிகிறது. வீட்டுக்காரர் மகனுக்குக் கலியாணம் பேசுவதாகக் கேள்வி.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற ஆசிரியை,
கல்லடி, மட்டக்களப்பு.