ஜிஞ்சர் பிரெட் மனிதனுக்குச் சுக்கும் கருப்பட்டியும் போதும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிற்றுக்கிழமை தங்கள் நாளிதழுடன் வந்த பெண்கள் இணைப்பில், கிறிஸ்துமஸுக்குக் குறைந்த செலவில் வீட்டிலேயே ஜிஞ்சர் பிரெட் (மனித உருவில் சுடும் இஞ்சி பிஸ்கட்) அலங்காரம் செய்வது பற்றிய கட்டுரையைப் படித்தேன். தலைப்பைப் பார்த்ததும் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். ‘தேவையான பொருட்கள்’ முடிவதற்குள் எழுந்துவிட்டேன். மொலாசஸ் எனும் கருப்பான கரும்புப் பாகு, பழுப்புச் சர்க்கரை, மனித வடிவ அச்சுகள் ஆறு, ஐசிங் பை, அதற்கு விதவிதமான மூக்குகள், தின்னக்கூடிய மினுமினுப்புத் தூள், ஓவன். ஓவனை விட்டுவிட்டுக் கூட்டினாலே இரண்டாயிரம் ரூபாயைத் தொடுகிறது. இதைக் குறைந்த செலவு என்று எழுதியவர் எந்தக் கடையில் பற்று வைத்திருக்கிறாரோ!

வீம்புக்கென்றே ஏரல் கடைத்தெருவுக்குப் போய் மொலாசஸ் கேட்டேன். கடைக்கார அண்ணாச்சி என்னை ஏற இறங்கப் பார்த்தார். “அது சர்க்கரை ஆலையிலிருந்து சாராய ஆலைக்குப் போகிற சரக்கு அல்லவா டீச்சர், உங்களுக்கு எதற்கு?” என்றார். பக்கத்தில் நின்ற இரண்டு பேர் சிரித்தார்கள். 31 ஆண்டுகள் பள்ளிப் பிள்ளைகளுக்குத் தையலும் கைத்தொழிலும் சொல்லிக்கொடுத்தவளுக்கு இந்த மரியாதை தேவைதானா என்று திரும்பி வந்தேன்.

அந்த அண்ணாச்சியின் கடையிலேயே, அவர் தலைக்கு மேல் இருந்த தட்டில், ஓலைப்பெட்டியில் கருப்பட்டி இருந்தது. பக்கத்து டப்பாவில் சுக்கு. ஜிஞ்சர் பிரெட் என்பது இந்த இரண்டும்தான். மற்றதெல்லாம் மாவும் வெண்ணெயும்.

பெயரில் பிரெட் என்று இருப்பதால் ரொட்டி என்று எண்ணிவிடக் கூடாது. அது ஒரு கனத்த பிஸ்கட். ஜெர்மனியில் நியூரம்பெர்க் நகரம் இதற்குப் பெயர்போனது. அங்கே தேன் சேர்ப்பார்கள், இங்கிலாந்தில் கரும்புப் பாகு சேர்ப்பார்கள். யாருக்கு எந்த இனிப்பு கையில் கிடைத்ததோ அதைப் போட்டுப் பிசைந்தார்கள். இஞ்சி மட்டும் அவர்கள் மண்ணில் விளையாதது. நம் மேற்குக் கரையிலிருந்து அரேபியர் கை மாறிப் போய்ச் சேர்ந்தது. ஜிஞ்சர் என்ற சொல்லுக்கே நம் ‘இஞ்சி வேர்’தான் மூலம் என்று மொழி ஆராய்ந்தவர்கள் சொல்கிறார்கள். ஜெர்மனியும் நமக்கு அந்நியமல்ல. பாளையங்கோட்டை ஊசிக்கோபுரக் கோவிலை 1826இல் கட்டிய பாதிரியார் ரேனியஸ் ஐயர், பிரஷ்யா என்ற பழைய ஜெர்மானிய அரசிலிருந்து வந்தவர். ஆக, நம் பண்டம் ஊர் சுற்றிவிட்டு, பொம்மை உருவத்தில், இரண்டாயிரம் ரூபாய் விலைச்சீட்டோடு திரும்பி வந்திருக்கிறது.

திருச்செந்தூர் கோவில் கடைகளில் சுக்கும் ஏலமும் தட்டிப்போட்டு விற்கும் சில்லுக்கருப்பட்டியை வாயில் போட்டிருப்பவர்களுக்கு இந்த ருசி புதிதாக இருக்காது. (1986இல் மாவட்டத்தைப் பிரித்து எங்களைத் தூத்துக்குடிப் பக்கம் தள்ளிவிட்டாலும் நாங்கள் இன்னும் திருநெல்வேலிச் சீமைக்காரர்கள்தான். உடன்குடிக் கருப்பட்டியை நெல்லைப் பண்டம் என்று சொல்ல எனக்கு உரிமை உண்டு.)

நான் செய்யும் முறை இது. கருப்பட்டி கால் கிலோவைத் தட்டி, அரை டம்ளர் தண்ணீரில் கரைய விட்டு, கொதி வந்ததும் துணியில் வடிகட்ட வேண்டும். வடிகட்டாமல் விட்டால் பல்லில் மண் நறநறக்கும், பிள்ளைகள் அடுத்த வருஷம் வரமாட்டார்கள். பாகு வெதுவெதுப்பாக இருக்கும்போது வெண்ணெய் 100 கிராம், சுக்குத் தூள் இரண்டு தேக்கரண்டி, பட்டைத் தூள் ஒன்று, இடித்த கிராம்பு நான்கு, சோடா உப்பு அரைத் தேக்கரண்டி, ஒரு சிட்டிகை உப்பு. கோதுமை மாவும் மைதாவும் பாதிப் பாதியாக அரைக் கிலோ எடுத்துக்கொள்ளலாம். ஆனால் முழுவதையும் ஒரேயடியாகக் கொட்டக் கூடாது. பாகு இழுக்கிற மட்டும் போட்டுப் பிசைந்தால் போதும். சப்பாத்தி மாவைவிடச் சற்று இறுகியிருக்க வேண்டும். ஈரத்துணி போட்டு மூடி ஒரு மணி நேரமாவது வைத்துவிட்டு, அரை சென்டிமீட்டர் கனத்துக்குத் தேய்க்க வேண்டும். அச்சு எதற்கு? அட்டையில் வெட்டிய உருவத்தை மேலே வைத்து, கத்தி முனையால் சுற்றி வந்தால் மனிதன் எழுந்துவிடுவான். ஓவன் இல்லாத எனக்கு அடி கனத்த பழைய பாத்திரம் ஒன்று போதும். அதில் இரண்டு விரல் உயரத்துக்கு மணல், மேலே ஒரு ஸ்டாண்டு, அதன் மேல் எண்ணெய் தடவிய தட்டு. பத்து நிமிடம் மூடிச் சூடேற்றிவிட்டு உள்ளே வைத்தால், மிதமான தீயில் கால் மணியிலிருந்து இருபது நிமிடம். எடுக்கும்போது மெத்தென்றுதான் இருக்கும். வேகவில்லை என்று மறுபடி உள்ளே தள்ளிக் கருக்கிவிடாதீர்கள், ஆறினால்தான் இறுகும்.

கண், வாய், பொத்தான் எல்லாம் எழுத, சீனியை மிக்சியில் பொடித்து, சலித்து, எலுமிச்சைச் சாறும் தண்ணீரும் சொட்டுச் சொட்டாக விட்டுக் குழைத்தால் போதும். ஐசிங் பைக்குப் பதிலாகக் கழுவிக் காயவைத்த பால் உறையை மருதாணிக் கூம்பு போலச் சுருட்டி, நுனியை ஊசியளவு வெட்டிக்கொள்ளலாம். மருதாணி இட்ட கைக்கு இதை யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. என் தெருவில் கிறிஸ்துமஸ் கொண்டாடாத வீட்டுப் பெண் ஒருத்திதான் மற்ற எல்லோரையும்விட அழகாகப் பொத்தான் வைக்கிறாள்.

கருப்பட்டி மலிவு என்று நான் பொய் சொல்லமாட்டேன். கலப்படமில்லாதது சீனியைவிடப் பல மடங்கு விலை. சீனிப் பாகைக் கலந்து காய்ச்சி விற்பதும் நடக்கிறது. உடைத்த இடத்தில் கற்கண்டு போல மினுக்கினால் நான் வாங்குவதில்லை. கருப்பட்டிதானே, சர்க்கரை நோய்க்காரருக்கு ஒன்றும் செய்யாது என்று பரிந்து ஊட்டுகிறார்களே, அதையும் நம்ப வேண்டாம். அதுவும் சர்க்கரைதான். என் கணக்கில் கால் கிலோ கருப்பட்டிக்கு உள்ளங்கை அளவு மனிதர்கள் முப்பது பேர் தேறுகிறார்கள். அதற்கு மேல் செலவு செய்ய எனக்கு வழியும் இல்லை, வேண்டியதும் இல்லை.

ஏனென்றால் இவர்களைத் தின்னத்தான் வேண்டும், தொங்கவிடக் கூடாது. தங்கள் கட்டுரையில் எனக்கு இருக்கும் பெரிய குறை இதுதான். ஜன்னலில் நூல்கட்டித் தொங்கவிடுங்கள், மேசைமேல் பிஸ்கட் வீடு கட்டி வையுங்கள் என்று அதில் இருக்கிறது. எழுதியவர் எங்கள் ஊர் மார்கழியைப் பார்த்ததில்லை. வடகிழக்குப் பருவமழை ஓயாத காலம். கருப்பட்டியே கசிகிறது என்று அடுப்புப் புகை படுகிற பரணில் ஏற்றி வைக்கிற காலம். அந்தக் கருப்பட்டியில் செய்த சுவர் மட்டும் நிற்குமா? என் பேத்தி ஒரு விடுமுறைக்கு வந்தபோது “ஆச்சி, வீடு கட்டலாம்” என்றாள். கட்டினோம். நான்கு சுவர், இரண்டு கூரைச் சரிவு, புகைபோக்கிகூட உண்டு. இரவு முழுவதும் தூறல். காலையில் பார்த்தால் கூரை ஒரு பக்கமாகச் சரிந்து, சுவர் தொட்டால் அமுங்கியது. வாசலில் எறும்பு சாரைசாரையாகக் குடிபுகுந்திருந்தது. பேத்தி அழவில்லை, எறும்புகளுக்குத்தான் கிரகப்பிரவேசம் என்று சொல்லி ஒரு மணி நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். மைதாவில் தூள் உப்பு கலந்து பொம்மை செய்யும் முறையும் உண்டு. இரண்டு பங்கு மாவு, ஒரு பங்கு உப்பு, ஏறக்குறைய ஒரு பங்கு தண்ணீர். எறும்பு வராது. ஆனால் உப்பும் ஈரத்தை இழுக்கும், வார்னிஷ் அடிக்காவிட்டால் வியர்த்து வழியும். பள்ளியில் நான் ‘உப்பு மாவு’ என்று கரும்பலகையில் எழுதியதும் வகுப்பே உப்புமா என்று படித்துச் சிரித்ததுதான் அதில் கண்ட பலன்.

தொங்குவதற்கு அட்டைதான் சரி. இதை நான் யோசித்துக் கண்டுபிடிக்கவில்லை. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழை யாருக்கும் மறந்திருக்காது. பக்கத்துக் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர். தாமிரபரணி ஊருக்குள் வந்தது. என் வீட்டில் ஜன்னல் கம்பி வரை தண்ணீர். கட்டிலுக்கு அடியில் தகரப்பெட்டியில் வைத்திருந்த காகித நட்சத்திரம், கண்ணாடி உருண்டைகள், இருபது வருஷமாகச் சேர்த்த சரிகை நாடா எல்லாம் சேற்றோடு போயின. வடிந்த பிறகு சேற்றை அள்ளவே மூன்று நாள். மின்சாரம் இல்லை. கிறிஸ்துமஸுக்கு எட்டு நாளும் இல்லை. யாருக்கும் பண்டிகை நினைப்பே இல்லை, பெரியவர்களுக்கு.

பிள்ளைகளுக்கு இருந்தது. நிவாரணமாக வந்த பிஸ்கட்டும் தண்ணீர் பாட்டில்களும் இருந்த அட்டைப்பெட்டிகள் தெருவெல்லாம் கிடந்தன. நல்ல பழுப்பு நிறம். என் தையல் கத்தரி மட்டும் மாடக்குழியில் இருந்ததால் தப்பியிருந்தது. “டீச்சர், ஏதாவது செய்யலாமா?” என்று கேட்டுக்கொண்டு நான்கைந்து பேர் வந்து நின்றார்கள். ஒரு சாண் உயரத்தில் கையும் காலும் விரித்த மனிதனை வெட்டிக் கொடுத்தேன். பிறகு அவர்களே வெட்டினார்கள். பள்ளியிலிருந்து ஓய்வு பெறும்போது எடுத்து வந்த சாக்பீஸ் பெட்டி ஒன்று அலமாரி உச்சியில் இருந்தது. (எடுத்து வந்தது தவறுதான், இப்போது சொல்லிவிட்டேன்.) அதை இடித்து, ஃபெவிகாலில் குழைத்து, மேலே சொன்ன பால் உறைக் கூம்பில் அடைத்து ஓரம் எழுதினோம். காய்ந்தபோது அசல் ஐசிங் போலவே புடைத்துக்கொண்டு நின்றது. தையல்காரர் கடையில் நனைந்து வீணான சிவப்புத் துணியைக் கிழித்துக் கழுத்துக்கு நாடா கட்டினோம். மொத்தம் 43 பேர். செலவு அந்தப் பசை ஒரு குப்பிதான்.

ஆறு வயதுப் பையன் ஒருவன் தன் அட்டை மனிதனுக்கு முழங்கால் வரை நீலம் தீட்டியிருந்தான். பேண்டா என்று கேட்டேன். “தண்ணீர், டீச்சர்” என்றான். அதைத்தான் என் நிலைப்படியில் முதலாவதாகக் கட்டினேன். கிறிஸ்துமஸ் மரமாக நடும் சவுக்குக் கிளை அந்த வருஷம் கிடைக்காததால், வெள்ளத்தில் ஒடிந்து வந்த முருங்கைக் கொம்பை நட்டு மற்றவர்களை அதில் தொங்கவிட்டோம். 24ஆம் தேதி இரவு பஜனைக்கு வந்தவர்கள் டார்ச் வெளிச்சத்தில் அதைச் சுற்றி நின்று பாடினார்கள்.

அந்த அட்டை மனிதர்களில் பதினோரு பேர் இன்னும் இருக்கிறார்கள். ஒவ்வொரு வருஷமும் புதியவர்கள் சேர்கிறார்கள். அட்டையை நெளிநெளியாக இருக்கும் உள்பக்கம் தெரியும்படி உரித்தால் கூரை ஓடு போல அழகாக வருவதையும் கண்டுபிடித்துவிட்டோம். அதனால் அட்டை வீடும் கட்டுகிறோம், எறும்பு வருவதில்லை.

பரிசு விஷயத்தில் அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ஓலைக் கொட்டானில் வாழையிலை வாட்டி விரித்து, ஐந்தாறு சுக்கு பிஸ்கட் வைத்துக் கொடுக்கலாம். முந்திரிக்கொத்துக்கும் அச்சுமுறுக்குக்கும் பக்கத்தில் அது ஒன்றும் கூச்சப்பட்டு நிற்பதில்லை. தனியாக இருக்கும் முதியவர்களுக்கு நான் சுக்கு, மல்லி, மிளகு, ஏலம் வறுத்து இடித்த காபிப் பொடியைப் பழைய ஹார்லிக்ஸ் பாட்டிலில் நிரப்பி, கழுத்தில் ஒரு அட்டை மனிதனைக் கட்டி, அவன் முதுகில் பெயரெழுதிக் கொடுக்கிறேன். பொடி தீர்ந்ததும் பாட்டில் திரும்பி வந்துவிடும். அட்டை மனிதன் இதுவரை எந்த வீட்டிலிருந்தும் திரும்பி வந்ததில்லை.

ஆசிரியர் அவர்களுக்கு ஒரு வேண்டுகோள். கட்டுரைக்கு மறுப்பு எதுவும் நீங்கள் போட வேண்டாம். அதற்குப் பதில், அடுத்த ஞாயிறு இணைப்பின் கடைசிப் பக்கத்தில் ஒரு சாண் உயர மனித உருவத்தை, உள்ளே எதுவும் வரையாமல், வெறும் கோடாக அச்சிட்டுத் தாருங்கள். பிள்ளைகள் வெட்டி அட்டையில் ஒட்டிக்கொள்வார்கள். மறுபக்கம் விளம்பரம் இருந்தாலும் பரவாயில்லை. கழுத்தை மட்டும் கொஞ்சம் தடிமனாக வரையச் சொல்லுங்கள். ஒல்லியாக இருந்தால் சின்னக் கைகள் வெட்டும்போது தலை தனியாக வந்துவிடுகிறது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தையல் ஆசிரியை,
ஏரல் அருகில்.