ஊசிவால் வாத்தின் விலாவில் வலை பின்னியது யார்?

அன்புள்ள ராகவனுக்கு,

நலம், நலமறிய ஆவல். உன் கடிதங்களுக்கு இத்தனை நாள் பதில் எழுதாததற்குச் சமாதானம் எதுவும் சொல்லப்போவதில்லை. சொன்னாலும் நீ நம்ப மாட்டாய். முழங்கால் பரவாயில்லை. தம்பி மகளுக்கு வேலை கிடைத்துவிட்டது. பெரியவர் இன்னும் அதே பெரியவர்தான். வீட்டுச் செய்தி இவ்வளவு போதும், வாத்துகளுக்கு வருகிறேன்.

நீ அனுப்பிய படங்களைப் பெரிய திரையில் முழு அளவில் திறந்து பார்த்தேன். ஊசிவால் வாத்தின் கண் கூர்மையாக விழுந்திருக்கிறது, கண்ணில் வெளிச்சப் புள்ளியும் இருக்கிறது, வாழ்த்துகள். பிறகு விலாப் பக்கம் பார்வையை நகர்த்தியபோதுதான் எனக்குக் கோபம் வந்தது. ஆண் ஊசிவால் வாத்தின் விலாவில் சாம்பல் நிறத்தில் மிக மெல்லிய நெளிகோடுகள் ஓடும் என்பது உனக்கும் தெரியும். உன் படத்தில் அந்த இடத்தில் யாரோ மீன்வலையை விரித்து வைத்திருக்கிறார்கள். கேட்டால், மென்பொருள் தெளிவாக்கிக் கொடுத்தது என்பாய். பதிவாகாத இடத்தை அது தன் ஊகத்தால் நிரப்பியிருக்கிறது, ராகவா. பழைய முறையில் கூர்மையாக்கும்போது விளிம்புகளின் இருபுறமும் உள்ள வெளிச்ச வேறுபாடு கூடுமே தவிர, புதிதாக ஓர் இறகு முளைக்காது. அளவு மீறினால் பறவையைச் சுற்றி வெண்கரை விழுந்து, குற்றத்தைக் காட்டிக்கொடுத்துவிடும். ஏராளமான படங்களைப் பார்த்துப் பழகிய இந்தப் புதிய மென்பொருளோ தவறையும் அழகாகச் செய்கிறது. வாத்தை நேரில் பார்த்திராத ஒருவன் உன் படத்தைப் பார்த்து, அதன் விலா அப்படித்தான் இருக்கும் என்று நம்பிவிடுவானே என்பதுதான் என் கவலை.

அந்த விலா மங்கியதற்குக் காரணம் எளியது. 600 மி.மீ. லென்ஸில், எஃப்/6.3 துளையில், முழுச்சட்ட (பெரிய சென்சார் உள்ள) கேமராவோடு 10 மீட்டர் தொலைவில் இருக்கும் பறவையை எடுத்தால், தெளிவாக விழும் ஆழம் ஏறத்தாழ 10 செ.மீ.தான். வாத்து உன்னை நோக்கிச் சாய்வாக நீந்தி வரும்போது கண்ணில் ஃபோகஸ் வைத்தால் முதுகும் வாலும் மங்கத்தான் செய்யும். அது பக்கவாட்டில் திரும்பும்வரை காத்திருந்திருந்தால் கண், விலா, வால் எல்லாம் ஏறக்குறைய ஒரே தளத்தில் வந்திருக்கும். உனக்குத்தான் காத்திருக்க வராதே. கல்லூரி விடுதியில் தண்ணீர் கொதிப்பதற்குள் மூடியைத் திறந்து பார்த்தவன் நீ. இன்னொன்று: வெயில் ஏறிய பிறகு நீர்ப்பரப்பின் மேல் காற்று அலையத் தொடங்கினால், தொலைவில் இருக்கும் பறவையை எவ்வளவு விலையுயர்ந்த லென்ஸாலும் கூர்மையாகப் பிடிக்க முடியாது. அப்போது கேமராவை மூடி வைத்துவிட்டுச் சும்மா பார்த்துக்கொண்டிருப்பதே மேல்.

தண்ணீரின் நிறத்தைக் கணினியில் மாற்றலாமா என்று கேட்டிருந்தாய். இந்தக் கேள்விக்காகவே நான் இக்கடிதத்தை எழுத உட்கார்ந்தேன். தாழ்ந்த கோணத்திலிருந்து பார்க்கும்போது, படத்தில் விழும் தண்ணீரின் நிறம் பெரும்பாலும் எதிர்க்கரையின் நிறமே. எதிரே மரங்கள் அடர்ந்திருந்தால் பச்சை, காய்ந்த நாணல் இருந்தால் பொன், ஒன்றும் இல்லாவிட்டால் வானம். ஆகவே, வாத்து அதே இடத்தில் மிதந்துகொண்டிருக்க, நீ கரையில் சில அடிகள் நகர்ந்தாலே அதன் பின்னணி முழுவதும் வேறாகிவிடும். எந்த மென்பொருளும் தராத திருத்தம் இது, அதுவும் இலவசமாக. லென்ஸை நீர்மட்டத்துக்கு எவ்வளவு அருகில் இறக்குகிறாயோ அவ்வளவுக்குப் பின்னணி தொலைவாகி மிருதுவாகும். நீ நின்றுகொண்டு எடுத்த படங்களில் பறவையைச் சுற்றி வெறும் சிற்றலைகள் மட்டுமே தெரிவதற்கு உன் உயரமே காரணம். பிரதிபலிப்பைக் குறைக்க லென்ஸின் முன் மாட்டும் போலரைசர் வாங்கும் யோசனையை மட்டும் கைவிடு. நீர்ப்பரப்போடு ஏறத்தாழ 37 பாகைக் கோணத்தில் பார்க்கும்போதுதான் அது பிரதிபலிப்பை நன்றாக வெட்டும். கரையில் படுத்துக்கொண்டு எடுப்பவனுக்கு அதனால் பெரிய பயன் இல்லை, போதாததற்கு ஒன்று முதல் இரண்டு ஸ்டாப் வெளிச்சத்தையும் (ஒவ்வொரு ஸ்டாப்பும் வெளிச்சத்தைப் பாதியாக்கும்) அது விழுங்கிவிடும். அதைவிட, நாம் தேடிப்போவதே அந்தப் பிரதிபலிப்பை அல்லவா?

வாத்தின் வெள்ளை மார்பு விவரமின்றி வெளுத்துப்போனதைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். கறுத்த நீர் படம் முழுவதும் நிறைந்திருக்கும்போது, கேமரா அதை நடுத்தர வெளிச்சமாக்க முயன்று எக்ஸ்போஷரை, அதாவது படத்தில் பதியும் வெளிச்சத்தை, கூட்டிவிடும். மார்பின் இறகுகள் வெண்சுண்ணாம்பாகிவிடும். வெளுத்துப்போன இடத்தில் மீட்பதற்குத் தகவலே இருக்காது. மூன்றில் இரண்டு ஸ்டாப் குறைத்து எடுத்து, படத்தின் வெளிச்சப் பரவலைக் காட்டும் ஹிஸ்டோகிராம் வரைபடத்தின் வலது ஓரத்தைக் கவனி. நிழலைப் பிறகு தூக்கிக்கொள்ளலாம், ஆனால் அதற்கு ரா கோப்பு, அதாவது கேமரா பதிந்ததைப் பதப்படுத்தாமல் வைத்திருக்கும் கோப்பு, வேண்டும். சுருக்கிச் சேமிக்கும் ஜேபெக் கோப்பில் ஒவ்வொரு நிறத்துக்கும் 256 படிகள்தான். 14 பிட் ரா கோப்பில் 16,384. மல்லார்டு இன ஆண் வாத்தின் பச்சைத் தலை கறுப்பாக விழுந்ததற்கும் கணினியில் மருந்து தேடாதே. அந்தப் பச்சை இறகின் நுண்ணமைப்பில் ஒளி படும் விதத்தால் பிறப்பது. தலை சற்றுத் திரும்பினால் நீலமாகும், இன்னும் திரும்பினால் அணைந்துவிடும். சூரியனை உன் முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு, வாத்து தலையைத் திருப்பும் கணத்தில் எடு. நிறச்செறிவைக் கூட்டினால் பிளாஸ்டிக் வாத்துதான் கிடைக்கும்.

கணினியில் நான் செய்பவை கொஞ்சம்தான். முதலில் படத்தை நேராக்குகிறேன். அடிவானம் தெரியாத படத்தில், பறவையின் கண்ணும் நீரில் தெரியும் அதன் கண்ணும் ஒரே செங்குத்துக் கோட்டில் விழுகின்றனவா என்று பார்த்தால் போதும். பறவையின் முன்னால் நீந்துவதற்கு இடம் விட்டு வெட்டுவேன். பிரதிபலிப்பின் தலையை ஒருபோதும் வெட்ட மாட்டேன். இரைச்சலை, அதாவது படத்தில் சிதறித் தெரியும் புள்ளிகளை, நீரில் மட்டும் குறைத்து, கூர்மையைப் பறவைக்கு மட்டும், கடைசியாகக் கொடுப்பேன். பறவைக்கு வெளிச்சம் கூட்டினால் நீரில் தெரியும் அதன் பிரதிபலிப்புக்கும் கூட்டு, ஆனால் அது பறவையைவிடச் சற்று மங்கலாகவே இருக்கட்டும். உன் நான்காவது படத்தில் ஒளிரும் வாத்துக்குக் கீழே இருண்ட வாத்து ஒன்று தலைகீழாகத் தொங்குகிறது. மிதக்கும் குச்சியை அழித்ததைப் பற்றி நாம் சண்டை போட வேண்டாம். சுவரில் மாட்ட அழித்துக்கொள். போட்டிக்கு அனுப்பும் எண்ணமிருந்தால் விதிகளைப் படித்துவிட்டுக் கை வை.

அடுத்த முறை போகும்போது குளிக்கும் வாத்தைத் தேடு. குளித்து முடித்ததும் அது பெரும்பாலும் நீரில் நிமிர்ந்து சிறகடிக்கும். ஷட்டரை 1/2000 வினாடியில் வைத்துக்கொண்டு, சிறகு விரிய இடம் விட்டுத் தயாராக இரு. எல்லாத் தலைகளும் ஒருசேர நிமிர்ந்தால் நீ அளவுக்கு மீறி நெருங்கிவிட்டாய் என்று பொருள், பின்வாங்கிவிடு.

ஊசிவால் வாத்தின் ரா கோப்பை அழித்துவிடாமல் வைத்திருந்தால் எனக்கு அனுப்பு. விலா மங்கலாகவே இருக்கட்டும், எனக்கு ஆட்சேபம் இல்லை. தங்கைக்கு என் அன்பைச் சொல்.

அன்புடன்,
உன் முருகேசன்