தம்பிக்கு, பெர்லினிலிருந்து

அன்புத் தம்பிக்கு,

அக்கா எழுதுவது. நானும் அத்தானும் நலம். இலங்கை அகதிகள் இருக்கும் மண்டபம் முகாமை வைத்துக் குறும்படம் எடுக்க நீ அனுப்பிய கதையைப் படித்தேன். முதல் காட்சியிலேயே படகிலிருந்து இறங்கும் கூட்டம், அழுகை, வயலின். அதை எடுத்துவிடு.

இங்கே நகரைக் கிழக்கு, மேற்கு என்று பிரித்த சுவர் நின்ற தடத்தில் இரண்டு வரிசைக் கல் பதித்திருக்கிறார்கள். காய்கறிப் பையோடு போகிறவர்கள் குனிந்துகூடப் பார்க்காமல் அதைத் தாண்டிப் போகிறார்கள். 2003இல் வந்த ‘குட் பை லெனின்’ படமும் அந்தச் சுவரைப் பிடித்துக்கொண்டு தொங்கவில்லை. நினைவிழந்து கிடந்து எழுந்த தாய்க்குத் தன் நாடான கிழக்கு ஜெர்மனி மறைந்தது தெரியக் கூடாது. மகன் பழைய ஊறுகாய் பாட்டிலைத் தேடிப் பிடித்து, புதிதாக வாங்கிய வெள்ளரி ஊறுகாயை அதில் மாற்றி வைக்கிறான். நாடு போனது அந்த லேபிளில் தெரிந்துவிடுகிறது.

வங்காளப் பிரிவினையை விடாமல் படமாக்கிய ரித்விக் கட்டக்கின் ‘கோமல் காந்தார்’ (1961) கட்டாயம் பார். பத்மா ஆற்றங்கரை, அக்கரை கிழக்குப் பாகிஸ்தான். முன்பு பயணம் தொடர்ந்த இடத்தில் இப்போது தண்டவாளம் முட்டுக்கட்டையோடு நின்றுவிட்டது. கேமரா அந்தத் தண்டவாளத்தின் மேலேயே விரைந்து போய் முட்டுகிறது, திரை இருண்டுவிடுகிறது. அவ்வளவுதான்.

உனக்கு தனுஷ்கோடி இருக்கிறது. 1964 அக்டோபரில் இலங்கை, இந்தியப் பிரதமர்கள் போட்ட சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம், இலங்கைத் தோட்டங்களில் இருந்த இந்திய வம்சாவளி மலையகத்து மக்களைக் கணக்குப் போட்டுப் பிரித்தது: 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மீதி 1,50,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று. டிசம்பரில் புயல் தனுஷ்கோடி ரயில் பாதையைத் தின்றது. இரண்டையும் ஒன்றாகக் குழப்பாதே. புயல் அறுத்தது வேறு, கையெழுத்து அறுத்தது வேறு. இலங்கை இரண்டு நாடாகவும் இல்லை, பிரிந்தது ஆட்கள்தான்.

பேச்சிலும் கவனம். யாழ்ப்பாணத்துப் பேச்சு, மன்னார்ப் பேச்சு, மலையகப் பேச்சு மூன்றும் வேறு. நம் சினிமாக்காரர்கள் எல்லாவற்றையும் ஒரே ‘இலங்கைத் தமிழ்’ ஆக்கிவிடுவார்கள். கேட்க எனக்குக் கூசும். வசனத்தை அந்தந்த ஊர்க்காரரையே பேசச் சொல்.

காசில்லை என்று புலம்பாதே. பிரிவினைக்குப் பிறகு இந்தியாவில் தங்கிய ஒரு முஸ்லிம் குடும்பத்தைப் பற்றிய எம்.எஸ். சத்யுவின் ‘கரம் ஹவா’ படப்பிடிப்பில் ஒலிப்பதிவுக்கு வசதி இல்லை. குரலும் சத்தமும் பிறகுதான் சேர்த்தார்கள். எதிர்ப்பாளர்கள் கூடியபோது, ஃபிலிம் போடாத கேமராவோடு இன்னொரு குழுவை வேறு பக்கம் அனுப்பிப் போக்குக் காட்டினார்கள். வீட்டை விட்டுப் போகமாட்டேன் என்று விறகு அறையில் ஒளிந்துகொள்ளும் அந்தக் கிழவியைப் பார், உன் வயலின் எதற்கு என்று தெரியும்.

உன் எதிரி காற்று. கச்சான் என்ற மேல்காற்று வீசும் மாதங்களில் தனுஷ்கோடிக் கோடியான அரிச்சல்முனையில் வசனம் மைக்கில் நிற்காது, மணல் லென்ஸ் வளையத்துக்குள் ஏறி நறநறக்கும். விடியற்காலையில் எடு. மைக்குக்கு ரோம உறை போடு, 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ள தாழ்ந்த இரைச்சலை வெட்டிவிடு. லென்ஸை அங்கே நின்று மாற்றாதே, வண்டிக்குள் மாற்று. ஒவ்வொரு இடத்திலும் யாரும் வாய் திறக்காமல் ஒரு நிமிஷம் சும்மா சத்தம் பிடித்து வை. இல்லாவிட்டால் எடிட்டிங்கில் வெட்டிய இடமெல்லாம் காதில் குத்தும்.

முகாமுக்குள் கேமரா கொண்டுபோக முதலில் அனுமதி வாங்கு. முகம் காட்ட விருப்பமா என்று ஒவ்வொருவரிடமும் கேள். அக்கரையில் இன்னும் உறவுகள் இருப்பார்கள். படத்தால் வினை வந்தால் உனக்கல்ல, அவர்களுக்கு.

திருத்தியதை அனுப்பு. அம்மாவை மருந்தை நேரத்துக்குப் போடச் சொல்.

அக்கா